அவர் சொன்னதாக நான் சொன்னவை

என் கணவரின் முகத்தை எங்கள் தெருவில் வாரத்துக்கு ஐந்து நாள் பார்த்துவந்தார்கள். அவர் குரலைக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இருபத்திரண்டு வருடம் அவர் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தார். கதாநாயகன் அல்ல, கதாநாயகியின் அப்பா. ஒரு தொடரில் பெரியப்பா, இன்னொன்றில் மாமனார். மகள் யாரையோ விரும்புகிறாள் என்று தெரிந்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவர். கூடத்தின் நடுவில் நின்று, இனி என் முகத்தில் விழிக்காதே என்று சொல்கிறவர். அப்படிச் சொல்லும்போது வீட்டுச் சுவரெல்லாம் அதிர்கிற அந்தக் குரல் அவருடையது அல்ல. படப்பிடிப்பில் அவர்தான் வசனம் பேசுவார். பிறகு டப்பிங்கில், அவருடைய உதட்டசைவைப் பார்த்து வேறொருவர் பேசுவார். அவருடைய சொந்தக் குரல் மெலிந்தது. பக்கத்து அறையில் தூங்குகிற யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலப் பேசுவார்.

அவர் நடிகரானதற்குக் காரணம் மீசை. விராலிமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம். பி.காம். படித்துவிட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் தற்காலிக எழுத்தராக இருந்தார். எனக்குத் திருமயத்தில் ஆசிரியை வேலை என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே வீடு எடுத்தோம். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் எப்போதும் ஏதாவது படப்பிடிப்பு நடக்கும். ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனார். பஞ்சாயத்துக் காட்சியில் பெரிய மனிதராக உட்கார வேண்டியவர் வந்த கார் வழியில் நின்றுவிட்டதாம். கூட்டத்தில் இவர் மீசையைப் பார்த்துவிட்டு, "சார், சும்மா இந்த நாற்காலியில உக்காந்து முறைச்சுப் பாத்தாப் போதும்" என்று கூட்டிப் போய் உட்கார வைத்தார்கள். வீட்டுக்கு வந்து, "டீச்சரம்மா, இன்னிக்கு நான் ஒரு ஆள ஊர விட்டுத் தள்ளி வச்சிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதே குழு ஆறு மாதம் கழித்துச் சென்னைக்குக் கூப்பிட்டது.

முதல் தொடரில் சொந்தக் குரலிலேயே பேசினார். இந்த மூஞ்சிக்கு இந்தக் குரல் ஒட்டவில்லை என்று இயக்குநர் சொல்லிவிட்டார். வேறொரு குரல் வந்தது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஐந்தடி உயரம், ஒல்லி, பயந்த சுபாவம். இரண்டு பேருக்கும் நல்ல சிநேகம். ஊருக்கு வரும்போதெல்லாம் இவர் அவருக்கு முறுக்கும் கடலையும் வாங்கிப் போவார்.

மாதத்தில் பதினைந்து, இருபது நாள் சென்னையில் இருப்பார். ஊருக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். இரண்டாவது முறை ரசம் கேட்பதற்குக்கூட யோசிப்பார். தொழிலிலும் அப்படித்தான். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். கேட்டால் மாலை போட்டுவிடுவார்கள் என்று பயம். அந்தத் தொழிலில் ஒரு நடிகர் முரண்டு பிடித்தாலோ, வரமுடியாமல் போனாலோ, அந்தப் பாத்திரத்தைச் சாகடித்துவிட்டு அவருடைய புகைப்படத்தைச் சுவரில் மாட்டி மாலை போட்டு விளக்கேற்றிவிடுவார்கள். அடுத்த நாள் கதை அவரில்லாமல் நடக்கும். எங்கள் வீட்டில் அது பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. பொங்கலுக்கு இரண்டு நாள் கூட இருங்களேன் என்றால், "இருக்கலாம். மாலை போட்டுருவாய்ங்க" என்பார்.

அந்தப் பயத்தில் அவர் செய்த ஒரு காரியத்தை அவருடைய ஊர் மறக்கவில்லை. என் மாமனார் இறந்தபோது மூத்த மகனான இவர்தான் மொட்டையடித்து, மீசை எடுத்து, கொள்ளி வைக்க வேண்டும். புரொடக்‌ஷன் மேனேஜர் போனில் கெஞ்சினார். "அண்ணே, துக்கத்துல சொல்றேன்னு நெனைக்காதீங்க. இன்னும் பதினோரு சீன் பாக்கி இருக்கு. மீசைய மட்டும் எடுத்துராதீங்க." நேற்று எடுத்த காட்சியில் மீசை இருந்தால் நாளைக்கு எடுக்கிற காட்சியிலும் இருக்க வேண்டும். அதைக் கண்டினியூட்டி என்பார்கள். கடைசியில் என் கொழுந்தனார் மொட்டையடித்துக் கொள்ளி வைத்தார். இவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றார். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது பங்காளி ஒருவர் இவர் காதில் விழும்படியே சொன்னாராம், "பெத்த அப்பனுக்கு எடுக்காத மீசைய இவன் வேற யாருக்குய்யா எடுக்கப் போறான்?" இவர் என்னிடம் அதைச் சொன்னதே நாலைந்து வருடம் கழித்துத்தான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு ஒரே மகள். அப்பா வீட்டில் இல்லாத பிள்ளை தறிகெட்டுப் போய்விடும் என்று எனக்கு எப்போதும் ஒரு பதைப்பு. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவளுக்கு இந்த ஒன்றை அடக்கத் தெரியவில்லை. ஆறு வயதில் சாப்பிட அடம் பிடித்தாள். தொலைக்காட்சியில் அவள் அப்பா யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். "பாத்தியா? அப்பா கோபக் குரல மெட்ராஸ்லயே வச்சிட்டு வந்திருக்காரு. நீ அடம் புடிச்சா அடுத்த தடவ எடுத்துட்டு வந்துருவாரு" என்றேன். அப்படியே வாயைத் திறந்தாள். சோறு உள்ளே போனது.

அடுத்த முறை அவர் வந்தபோது அவருடைய பையைத் திறந்து பார்த்தாள். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். "என்னத்தா தேடுற?" என்று அவர் கேட்டார். "ஒண்ணுமில்லப்பா" என்றாள். எனக்கு மட்டும் தெரியும். நான் அடுப்படியில் நின்று சிரித்தேன்.

அது சுலபமாக இருந்தது, அதனால் விடவில்லை. மதிப்பெண் குறைந்தால் அப்பாவிடம் சொல்லவா என்பேன். தாமதமாக வந்தால், நேற்று எபிசோடில் அப்பா என்ன செய்தார் பார்த்தாய் அல்லவா என்பேன். அவர் போனில் அவளோடு பேசுவது குறைவு. படப்பிடிப்பு இடைவேளையில் என்னைக் கூப்பிடுவார், நான் அவளுக்குச் சொல்வேன். அப்பா அப்படிச் சொன்னார், அப்பா இப்படிச் சொன்னார். அவர் சொன்னதில் பாதி, "புள்ள சாப்ட்டுச்சா?" என்பதுதான். அதையெல்லாம் நான் சொல்லவில்லை. அதில் என்ன பயன் என்று நினைத்தேன். வளர்ந்த பிறகு டப்பிங் பற்றியெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் அப்பாவிடம் நேராகப் பேசப் பழகவே இல்லை.

பிளஸ் டூ முடித்ததும் திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரி, விடுதி. முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் தேறவில்லை. அன்று அவர் ஊரில்தான் இருந்தார், சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒண்ணுதான போயிருக்கு? எழுதிக்கிருவா" என்றார். பிறகு, "இந்தா, கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார்.

சாயங்காலம் மகளிடம் போனில் நான் சொன்னது இது: "அப்பாகிட்ட சொன்னேன். தட்டத் தள்ளிவிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. இன்னொரு தடவ இப்புடி வந்தா என் மூஞ்சியில முழிக்க வேணாம்னு சொல்லிருன்னாரு."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரிம்மா" என்றாள். நன்றாகப் படிப்பாள், பயம் வந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை, காலை இடைவேளையில் விடுதிக் காப்பாளர் கூப்பிட்டார். "மேடம், ஒங்க பொண்ணு சனிக்கிழமை வீட்டுக்குப் போறேன்னு ரிஜிஸ்டர்ல எழுதிட்டுப் போனாங்க. இன்னும் வரலையே, ஒடம்பு சரியில்லையா?"

சனிக்கிழமையிலிருந்து தினமும் அவளிடமிருந்து எனக்குக் குறுஞ்செய்தி வந்துகொண்டிருந்தது. சாப்ட்டேன்மா. கிளாஸ்ல இருக்கேன்மா. சரிம்மா. நான் உடனே கூப்பிட்டேன், அணைத்து வைத்திருந்தாள். கல்லூரிக்குக் கூப்பிட்டேன். துறைத் தலைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். இரண்டு செமஸ்டராகத் தேர்வுகளுக்கே போகவில்லை. பன்னிரண்டு பாடம் பாக்கி. ஒவ்வொரு முறையும் அவள் எனக்கு மதிப்பெண்ணை மடமடவென்று ஒப்பித்திருந்தாள். ஆசிரியையாகிய நான் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

அன்று முழுக்கவும் மறுநாள் மதியம் வரையும் கணவரிடம் சொல்லாமல் இருந்தேன். தொடரில் கல்யாணக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவர் எல்லாக் காட்சியிலும் இருக்கிறார். மாலை போட்டுவிடுவார்கள் என்பது ஒரு காரணம். உண்மையான காரணம், எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கொழுந்தனாரைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போனேன். அவளுடைய அறையில் கட்டில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. கல்லூரிக்குப் பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தோம். எழுதி வாங்கிய பெண் காவலர் அப்பா பெயரையும் தொழிலையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சாரு பொண்ணா? ஐயோ, போன வாரங்கூடப் பொண்ண வீட்ட விட்டு வெரட்டுனாரே. எங்கம்மா சோறு திங்கல அன்னிக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்லயும் சாரு அப்புடித்தானா மேடம்? ரொம்பக் கண்டிப்பா?" என்றார்.

கொழுந்தனார்தான், "எங்கண்ணன் ஒரு பூச்சியக்கூட வெரட்ட மாட்டாரும்மா" என்றார்.

காவல் நிலையத்து வாசலிலிருந்து கணவருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "வாரேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ரயிலில் புதுக்கோட்டை ஸ்டேஷனில் இறங்கினார். காதோரம் ஒப்பனை சரியாகப் போகவில்லை. கல்யாண வீட்டுப் பட்டுச் சட்டையோடே வந்திருந்தார். கொழுந்தனார் காரை ஓட்ட, நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"பரீட்சை எழுதலைன்னா எழுதலைன்னு சொல்ல வேண்டியதுதான? எங்கிட்ட என்ன பயம் அவளுக்கு?"

நான் சொன்னேன். ரசம் ஊற்றிய அன்றைக்கு நான் போனில் சொன்னதை, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடமாகச் சொன்னவற்றையும் நினைவு வந்தவரை சொன்னேன். கோபக் குரலைத் தேடி அவள் பையைத் திறந்ததையும் சொன்னேன்.

பட்டுச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

"நான் அப்புடிச் சொன்னேனா?"

"இல்ல."

"அப்ப யாரு சொன்னா?"

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலத்தான் கேட்டார். அந்தக் கேள்வி இன்றைக்கும் சமையல் செய்யும்போது, வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது, திடீரென்று காதுக்குள் கேட்கிறது. எழுதிக்கொண்டிருந்த கணக்கை மறந்துவிட்டு நிற்கிறேன்.

"தம்பி, விராலிமலைக்கு விடு" என்றார்.

மலையடிவாரத்தில் முடியிறக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தார். முடியெடுப்பவருக்கு அவரைத் தெரிந்துவிட்டது. "ஐயா, சூட்டிங் இல்லீங்களா?" என்று கேட்டுக்கொண்டே தலைக்குத் தண்ணீர் தெளித்தார்.

"மீசையுந்தாங்க" என்றார் இவர்.

"மீசையுமா?" என்று அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

கொழுந்தனார் முன்னால் வந்து குனிந்தார். "அண்ணே, கல்யாண சீன் பாதியில நிக்கிது. அவ கெடச்சப்புறம் வந்து எடுத்துக்கலாம். யோசிச்சுக்க."

"யோசிச்சு யோசிச்சுத்தான்டா அப்பாவுக்கு எடுக்கல."

கொழுந்தனார் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை, காருக்குப் போய்விட்டார். மீசை இரண்டு இழுப்பில் போய்விட்டது. அதற்குக் கீழே இருந்த உதடு சிறியது, கொஞ்சம் நடுங்குவது. அத்தனை வருடக் குடித்தனத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

மலை ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்து, அணைத்து வைத்திருந்த அவளுடைய எண்ணுக்குக் குரல்செய்தி அனுப்பினார். நான் இரண்டு படி கீழே நின்றேன்.

"ஆத்தா, அப்பா பேசுறேன். இதுதான் அப்பா குரலு. அந்தப் பரீட்சை கெடக்கு, விடு. அப்பா எதுவும் சொல்லல, எதுக்கும் கோவப்படல. இப்ப விராலிமலையில இருக்கேன். மொட்ட போட்டுட்டேன், மீசையும் போச்சு. பாக்கச் சகிக்காது, நீ பாத்தாச் சிரிப்ப. சாப்ட்டியாத்தா?" பக்கத்துப் பாறையிலிருந்து ஒரு மயில் அகவியது. அது அடங்கும்வரை காத்திருந்து, "மயிலு" என்று சொல்லி முடித்தார்.

அன்று மாலைக்குள் அதே போலப் பத்துப் பன்னிரண்டு அனுப்பியிருப்பார். எல்லாவற்றிலும் கடைசிக் கேள்வி அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய போனுக்கு, என்னுடையதற்கு அல்ல, அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். அவளோடு படிக்கிற பெண்ணின் தாயார். "புள்ள எங்க வீட்லதாங்க இருக்கு. லீவுன்னு சொல்லித்தான் வந்துச்சு, நாங்களும் நம்பிட்டோம். காலையில போன ஆன் பண்ணி எதையோ கேட்டுட்டு ஒரே அழுகை. அப்பறந்தான் எல்லாத்தையும் சொல்லுச்சு. நீங்க திட்ட மாட்டீங்கன்னு தெரிஞ்சாத்தான் ஒங்களக் கூப்பிட விடுவேன்னுச்சு. நான்தான் போனப் புடுங்கிக் கூப்பிட்டுட்டேன். திட்டிறாதீங்க சார், சீரியல்ல பாத்தே எங்களுக்கெல்லாம் ஒதறும்."

இவர், "இல்லம்மா, இல்லம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் போனபோது வீட்டு வாசலில் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். காரிலிருந்து இறங்கிய மொட்டைத் தலையை யாரோ என்று நினைத்துத் தாண்டிப் பார்த்தாள். பிறகுதான் கண் திரும்பியது.

"அப்பா, மீசை எங்கப்பா?"

"போயிருச்சுத்தா."

"சூட்டிங்?"

"அதுவும் போயிரும். நீ சாப்ட்டியா?"

அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் பக்கத்தில் போய் முதுகில் கை வைத்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நெசமாவே அப்பா அப்புடிச் சொல்லலையாம்மா?"

"சொல்லல."

"ஒருதடவகூடவா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தாள். திருமயம் வரும்வரை பின்னால் திரும்பவில்லை.

சொன்னபடியே மாலை போட்டுவிட்டார்கள். மூன்றாவது வாரம், வெளியூர் போன இடத்தில் விபத்து என்று ஒரு வசனம். கூடத்துச் சுவரில் பெரிய மீசையோடு அவர் படம், சந்தனமாலை, எரியும் விளக்கு. கல்யாண வேடத்தில் அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். படத்துக்கு எதிரே, எங்கள் வீட்டில், அப்பாவும் மகளும் ஒரே தட்டில் பொரி கடலை தின்றுகொண்டு பார்த்தார்கள்.

"பொட்டு எம்புட்டுப் பெருசா வச்சுட்டாய்ங்க பாருத்தா" என்றார் அவர்.

"ஒங்க நெத்திக்கு அம்புட்டுதாம்ப்பா எடம் இருக்கு" என்றாள் அவள்.

எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு ஓடிவந்து, மொட்டைத் தலையோடு அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, "என்னங்க, இங்கிட்டு இருக்கீங்க, அங்கிட்டுச் சாமியா நிக்கிறீங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் சிரித்து, உட்காரச் சொன்னார். அந்த அம்மா அப்போதுதான் அவர் குரலைக் கேட்கிறார். "இதா ஒங்க குரலு?" என்று அதற்கும் ஒருதரம் ஆச்சரியப்பட்டார். டப்பிங் நண்பர் அன்றே போன் செய்தார். "ஒங்களுக்கு மட்டுமாண்ணே மாலை போட்டாங்க? எனக்கும் ஒரு மூஞ்சி போச்சு" என்றாராம்.

அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. முடி வளர்ந்துவிட்டது. மீசையை மட்டும் வளர விடுவதில்லை. இரண்டு நாளைக்கொரு முறை கண்ணாடி முன் நின்று வழிக்கிறார். வருத்தமா என்று ஒருமுறை கேட்டேன். "இருபத்திரெண்டு வருசம் பாத்த வேல, இல்லாம இருக்குமா?" என்றார். என்னைக் குறையாக ஒரு சொல் சொன்னதில்லை. அவர் சொல்லமாட்டார் என்பது எனக்கு எப்போதும் தெரிந்ததுதானே.

மகள் கொஞ்ச மாதம் வீட்டிலிருந்து படித்துவிட்டு, பாக்கிப் பாடங்களை எழுத மறுபடி விடுதிக்குப் போயிருக்கிறாள். தினமும் சாயங்காலம் அப்பாவைக் கூப்பிடுகிறாள். போன் கொஞ்சம் தாமதமானால் விடுதிக் காப்பாளரின் எண்ணைத் தேடி எடுத்து வைத்துக்கொள்கிறேன். குறுஞ்செய்தியை இப்போது நான் நம்புவதில்லை. குரல் கேட்க வேண்டும். அதனால் அவர் பேசும்போது நான் எங்காவது பக்கத்தில் வேலை வைத்துக்கொள்கிறேன்.

நேற்றும் கூப்பிட்டாள். அவர் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வாசல் கதவோரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பாடம் சரியாக எழுதவில்லை, போய்விடும்போல என்றாள். என் நாக்கு நுனிவரை ஒரு வாக்கியம் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "போனாப் போகட்டும், சாப்ட்டியா?" என்றார் அவர். கொஞ்ச நேரம் வேறு பேசினார்கள். பிறகு, "அம்மா இங்கனதான் இருக்கா. பேசுறியாத்தா?" என்று கேட்டார்.

மறுமுனையில் சத்தமில்லை. அந்த மௌனத்தை எனக்குத் தெரியும்.

"வேணாம்ப்பா" என்றாள். "இப்ப வேணாம்."

போனை வைத்துவிட்டு, கீரைத் தட்டோடு எழுந்து என்னிடம் வந்தார். நான் மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

"படிக்க ரொம்பக் கெடக்காம். அம்மாகிட்ட நாளைக்குப் பேசுறேன்னு சொல்லுங்கன்னா" என்றார். "நீ சாப்ட்டியான்னும் கேட்டா."

நான் கதவோரம்தான் நின்றிருந்தேன். எல்லாம் கேட்டது. சரி என்று சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்து கீரைத் தட்டை வாங்கிக்கொண்டேன்.